அனுபவசாலியின் முதல் மூன்று

கைப்பையின் அடியில் பேனா தேடும்போது உன் பச்சை ஸ்கேல் தட்டுப்பட்டது. ஒரு முனை உடைந்து, எண்கள் தேய்ந்து, எட்டும் ஒன்பதும் மட்டும் படிக்கிற நிலையில் இருக்கின்றன. எப்போது என் பைக்குள் வந்தது என்று நினைவில்லை. இன்று வியாழக்கிழமை. மைசூரில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஏழு ரேஸுக்கான கணிப்பை மாலைக்குள் அனுப்ப வேண்டும். ரேஸ் கார்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வரி கூடப் படிக்காமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அலுப்பாக இருக்கிறது.

இந்த ஸ்கேலால் நீ ஒருநாளும் கோடு போட்டதில்லை. பழங்காநத்தத்து டி.டி.பி. கடையின் பின்னறையில் கார்டை அச்செடுத்ததும், குதிரைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும் இடத்தின் மேல் இதை நெடுக வைத்து மூடுவாய். அதன்பின் கண்ணில் படுவதெல்லாம் எண்கள்தான். கடைசி ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது, எத்தனை கிலோ சுமக்கிறது, எந்தக் கதவிலிருந்து புறப்படுகிறது, பயிற்சியில் கடைசி அறுநூறு மீட்டரை எத்தனை நொடியில் கடந்தது. முதல் மூன்றைக் குறித்துவிட்ட பிறகே ஸ்கேலை எடுப்பாய்.

"பேரைப் பாத்தா ஆசை வந்துரும்டி. ஆசை வந்துருச்சுன்னா கணிப்பு போச்சு. அம்புட்டுத்தான் ரகசியம்."

உன் பேச்சைக் கேட்காமல் நான் ஒரே ஒரு குதிரையைப் பரிந்துரைத்தேன். மூன்லைட் லெட்டர் என்று பெயர். அந்தப் பெயருக்காக மட்டுமே கெஞ்சி மூன்றாம் இடத்தில் போடவைத்தேன். பன்னிரண்டு குதிரைகளில் பன்னிரண்டாவதாக வந்தது. ஒரு மாதம் வரை, நான் கடைக்குள் நுழையும்போதெல்லாம், "வாங்க மேடம், உங்க லெட்டர் இன்னும் போஸ்டாபீஸ்லயே கெடக்காம்" என்று வரவேற்றாய்.

குறிப்பது நீ, அதை வாக்கியமாக்குவது நான். கல்லூரியில் தொடங்கிய நட்புக்கு இப்படி ஒரு வேலை வாய்க்கும் என்று யார் நினைத்தார்கள்? நான் பசுமலைப் பள்ளி நூலகத்தை மூடிவிட்டு நேரே கடைக்கு வருவேன். நீ வடிவமைத்துக்கொண்டிருந்த கல்யாணப் பத்திரிகைகளை ஒதுக்கிவிட்டு எனக்கு நாற்காலி இழுத்துப் போடுவாய். வாரந்தோறும் வாட்ஸப்பில் போகும் நம் கணிப்புக்கு 'அனுபவசாலி' என்ற புனைபெயரை வைத்தவர் கடைக்கார அண்ணன். "பொம்பளப் புள்ளைக எழுதுதுன்னு தெரிஞ்சா எவனும் படிக்க மாட்டான்மா" என்றார். அவர் சொன்னது சரிதான். வாட்ஸப்பில் ஒருவர் கேட்டார்: "அண்ணே, நீங்க எத்தன வருசமா ரேஸ் கோர்ஸ் போறீங்க?" நீ கொஞ்சமும் யோசிக்காமல், "எண்ணிப் பார்த்ததில்லை தம்பி" என்று தட்டினாய்.

உண்மையில் நாம் நேரில் பார்த்த குதிரை, தெப்பக்குளத்துப் பக்கம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றும் அந்த ஒன்றுதான். அதையும் நீ விடவில்லை. சுண்டலை மென்றுகொண்டே ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது ஆயிரத்தி எரநூறு மீட்டர் தாங்காதுடி. நானூறுலயே உக்காந்துரும்" என்றாய். குதிரைக்காரர் முறைத்தார்.

உன் இதயத்தில் ஒரு வால்வு சிறுவயதிலிருந்தே சரியில்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் முனிச்சாலை வீட்டின் மாடிப்படியில் நீ பாதியில் உட்காரத் தொடங்கிய பிறகுதான் அதன் பொருள் புரிந்தது. அறுவை சிகிச்சைக்கு டாக்டர் இரண்டு தேதிகள் கொடுத்தார். ஒன்று அந்த மாதக் கடைசி, மற்றது அதற்கு ஆறு வாரம் கழித்து. எதுவானாலும் சரி, முடிவு உங்களுடையது என்றார். இரண்டுக்கும் நடுவில் மைசூரில் சீசனின் பெரிய ரேஸ் வந்தது. வாழ்நாளில் ஒரு ரேஸையாவது வேலியோரம் நின்று பார்க்க வேண்டும் என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்! ரயிலில் போகலாமா என்று டாக்டரிடமே கேட்டாய். அலைச்சல் இல்லாமல் போய்வரலாம் என்றார்.

அடுத்து வந்த வியாழக்கிழமை மாலை, ரேஸ் கார்டு இருக்க வேண்டிய இடத்தில் உன் பரிசோதனை முடிவை வைத்தாய். மேல்பகுதியை உள்பக்கமாக மடித்திருந்தாய்.

"பேரு, வயசு ரெண்டையும் மறைச்சுட்டேன். நீ எழுதுறவதான், கணிக்கிறவ இல்ல. இன்னைக்கு ஒரு தடவ கணி."

"லூசாடி நீ?"

"இருக்கட்டும், சொல்லு. அம்பத்தஞ்சு, நாப்பத்தெட்டு, நாப்பது." இதயம் ரத்தத்தை எவ்வளவு வெளித்தள்ளுகிறது என்று மூன்று முறை எடுத்த அளவு அது. "மூணு ஓட்டம். அடுத்த ஓட்டத்துல இந்தக் குதிர முதல் மூணுல வருமா? வரும்னா மாசக் கடைசியிலயே ஆபரேசன், ரேஸ அப்பறமா பாத்துக்கிறலாம். வராதுன்னா முதல்ல மைசூர் போயிட்டு வாரேன். எனக்கு வேண்டியது ஒம் பிரியமில்ல, கணிப்பு."

எனக்கு அந்த எண்களைப் படிக்கத் தெரியும். 'தொடர்ந்து சரிவு. இம்முறை வாய்ப்பு குறைவு.' இந்த இரண்டு வாக்கியங்களை முன்பின் தெரியாத எத்தனையோ குதிரைகளுக்கு எழுதியிருக்கிறேன். அன்று காகிதத்தின் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "வரும்" என்றேன். "முதலாவதா வரும். மாசக் கடைசியிலயே முடிச்சிரு. அடுத்த சீசன் ரெண்டு பேரும் சேந்து போவோம்."

நீ மடிப்பைப் பிரித்தாய். "பேரைப் பாத்துட்ட" என்றாய். கோபமில்லை, லேசாகச் சிரித்தாய். பார்த்துவிட்டேன் என்று தெரிந்தும் ஏன் முதல் தேதியையே எடுத்துக்கொண்டாய் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சிகிச்சை முடிந்த நான்காம் நாள் காலையில் நீ போய்விட்டாய். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று உணர்ந்ததும் தமிழுக்கு மாறி, "நல்லா வந்துருவேன்னு நீ சொன்னதா சொல்லிக்கிட்டே இருந்தாம்மா" என்றார். அதில் பழி எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எந்தத் தேதியாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கலாம் என்று பின்னால் டாக்டர் சொன்னார். அதை நம்புகிறேன். ஆனால் உன்னைக் காப்பாற்றச் சொல்லி நீ என்னிடம் கேட்கவில்லையே. எண்களைப் படித்துச் சொல்லத்தானே கேட்டாய்? படித்திருந்தால் உனக்கு மைசூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்திருக்கும். நூலகத்தில் துக்கத்தைப் பற்றிய புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. நிறையப் படித்துவிட்டேன். இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அவற்றில் இடமில்லை.

கணிப்பை இப்போது நானே குறிக்கிறேன், நானே எழுதுகிறேன். ஏழு ரேஸில் ஒன்றோ இரண்டோ தேறுகின்றன. போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணே, முன்ன மாதிரி இல்லையே. ஒடம்புக்கு ஏதும் முடியலயா?" ஆமாம் தம்பி என்று பதில் போட்டேன். கடைக்கார அண்ணன், "ரெண்டு வாரம் விட்ருவோமா தாயி?" என்கிறார். விட்டால் வியாழக்கிழமை மாலைகளை என்ன செய்வது என்று தெரியாததால் வேண்டாம் என்கிறேன்.

போன மாதம் மைசூருக்குப் போனேன். தோழியின் கல்யாணம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, தனியாக ரயிலேறினேன். சாமுண்டி மலை பின்னால் நிற்க, வேலியோரம் முதல் வரிசையில் இடம் பிடித்தேன். அன்றைக்குக் கணிப்பு எதையும் கையில் எடுத்துப் போகவில்லை.

முதலில் சத்தம் காதுக்கு வருவதில்லை, பாதத்துக்கு வருகிறது. தரை அதிர்ந்த பிறகுதான் குதிரைகள் தெரிந்தன. புல்லோடு மண்கட்டிகள் பெயர்ந்து பறந்தன. வியர்வையும் ஈரத்தோலும் கலந்த வாடை ஒன்று முகத்தில் அடித்தது. எண்ணிப் பத்து நொடி கூட இருக்காது, அவை முடிவுக் கம்பத்தைக் கடந்துவிட்டன. கூட்டம் கத்தி ஓய்ந்து, முடிவு வரும் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டது.

நான் திரும்பவில்லை. குதிரைகள் நின்றிருக்கவில்லை. ஜாக்கிகள் அங்கவடியில் கால் ஊன்றி எழுந்து கடிவாளத்தை மெல்ல இழுக்க, வளைவு வரைக்கும், அதையும் தாண்டி, அவை ஓடிக்கொண்டே இருந்தன. வேகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தணிந்தது. கடைசியாக வந்த சாம்பல் நிறப் பெண்குதிரை மற்றவற்றோடு சேர்ந்துகொண்ட பிறகு, எது முதலில் வந்தது, எது கடைசியில் வந்தது என்று சொல்ல முடியவில்லை. வளைவுக்கு அப்பால் எல்லாம் ஒரே கூட்டமாகப் போயின.

கம்பத்துக்குப் பிறகும் இவ்வளவு தூரம் ஓடும் என்று எந்தக் கார்டிலும் இல்லையடி. நமக்குத் தெரியவே தெரியாது. மைதானத்தின் மறுகோடியில் அவை நடைக்கு வரும்வரை, நம் இரண்டு பேருக்குமாக, கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.