பூட்டிய வீட்டில் ஓடிய மின்விசிறி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை வீட்டு மீட்டரில் கோளாறு எதுவும் இல்லை. அந்தக் கரண்டைச் செலவழித்தது நான்தான். பூட்டிக் கிடக்கிற வீட்டில் இத்தனை யூனிட் எப்படி ஏறுகிறது, எங்கோ ஒயர் கசிகிறது, வாடகைக்கு விடுகிற நேரத்தில் இது வேறா, உடனே ஆள் வைத்துப் பார் என்று போன வாரம் நீ பதறியபோது பக்கத்தில் உன் அண்ணன் இருந்தான், அண்ணி இருந்தாள், பிள்ளைகள் இரண்டும் இருந்தன. ஆகட்டும் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். போனில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். என் கையெழுத்து உனக்கு மறந்திருக்கும். பொறுமையாகப் படி.

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன், இல்லையென்றால் அதை முதலில் எழுது. இங்கே குறை ஒன்றும் இல்லை. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் அண்ணனுக்கு பிரஷர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றான், சொல்லிவிட்டேன். பெரியவள் கணக்கில் நன்றாக வாங்கியிருக்கிறாள். சின்னவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்து நாள் முழுக்க அந்த ஓட்டையில் நாக்கை விட்டுக்கொண்டு திரிகிறான்.

நீ சொன்னதற்காக எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டேன். நடந்தது எனக்கே தெரியும், இருந்தும் கூப்பிட்டேன், உன்னிடம் ஆள் பார்த்தாயிற்று என்று சொல்ல வேண்டுமே. அவர் ஏணி போட்டு ஏறினார், ஒவ்வொரு ஸ்விட்சாகக் கழற்றினார், மெயினை அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் கால் மணி நேரம் நின்றார். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், பரீட்சையில் பிட் அடித்தவள் மாதிரி. கடைசியில் மேசை மேல் இருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார், தரையில் விரித்திருந்த பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒயரு ஒண்ணும் கசியலம்மா. ஃபேன் ஓடியிருக்கு, இஸ்திரிப் பெட்டி ஓடியிருக்கு. பேய் இருந்தாலும் துணியெல்லாம் தேய்க்காது" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

உன் அத்தை போய் ஏழு மாதம். நீ வந்து, வீட்டை உன் பெயருக்கு மாற்றி, கரண்ட் இணைப்பையும் மாற்றி, சாவியை என்னிடம் கொடுத்து, வாரம் இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து வை அம்மா என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். முதல் மாதம் அப்படித்தான் போனேன். திறப்பேன், பெருக்குவேன், மூடுவேன். இரண்டாவது மாதம் ஒரு நாள் தலைவலி, அப்படியே படுத்துத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது மணி மூன்று. யாரும் எழுப்பவில்லை. அடுத்த நாளும் போனேன். இப்போது தினமும். பதினொன்றுக்கு வந்தால் நாலு மணி வரை. உன் அண்ணனிடம் நூலகம் என்று சொல்லியிருக்கிறேன். பொய்தான். அறுபத்து மூன்று வயதில் பெற்ற பிள்ளையிடம் சொல்கிற பொய்.

அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்பாய். ஒன்றும் இல்லை. புடவையை இஸ்திரி போடுகிறேன். உன் அண்ணன் வீட்டில் நான் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால் உன் அண்ணி வந்து பிடுங்கிக்கொள்வாள், என்னை அவள் வேலை வாங்குகிறாள் என்று யாராவது நினைத்துவிடுவார்களாம். தங்கமான பெண், சத்தியமாக ஒரு குறை சொல்ல மாட்டேன். என் தட்டைக்கூட என்னைக் கழுவ விடுவதில்லை. எனக்குக் கட்டில் போட்டிருக்கிற இடத்துக்குக் கதவு இல்லை, திரை, அதுவும் காற்றில் விலகிக்கொண்டே இருக்கும். எல்லோரும் என்னை நன்றாக வைத்திருக்கிறார்கள். ஒரு பொருளை நன்றாக வைத்திருப்பது போல. இப்படி எழுதியது தப்பென்று தோன்றுகிறது, அடித்து அழிக்கவில்லை, இருக்கட்டும்.

இனி வாடகை விஷயம், நீ இரண்டு மாதமாகக் கேட்பது. ஏன் ஒருவரும் அமையவில்லை என்று தரகர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்கிறேன். வீட்டைப் பார்க்க நாலு குடும்பம் வந்தது. நாலு பேரிடமும் நான் வாசலில் நின்றே ஆரம்பித்தேன். மழை பெய்தால் பின்கதவு உப்பிக்கொள்ளும், தோளால் இடிக்க வேண்டும். மாடிக் குழாயில் காலை ஏழு மணிக்கு மேல் தண்ணீர் நூலாகத்தான் வரும். பக்கத்தில் தையல் மிஷின் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும், நடுச்சுவர் ஒன்றுதான். எல்லாம் உண்மை, ஒரு சொல் கூட்டவில்லை. மறைத்து விட்டால் நாளைக்கு உன் பெயர் கெடும், அதனால்தான் என்று என்னையே நம்பவைத்தேன். மூன்று குடும்பம் மாடிக்கே ஏறாமல் போய்விட்டது. தரகர் தெருவில் நின்று என்னைக் கேட்டார், "நீங்க வீட்ட வாடகைக்கு விடுறீங்களா, இல்ல வீட்டு மேல புகார் குடுக்குறீங்களா?" எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி உள்ளே போய் உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

நாலாவது குடும்பத்திடம் என் பாச்சா பலிக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், மனைவி வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவள், கூடவே அவருடைய அம்மா, வாக்கர் வைத்து நடக்கிறார், அதனால் அவர்களுக்குத் தரைத்தளம் வேண்டும். நான் கதவில் ஆரம்பித்துத் தையல் மிஷின் வரை ஒப்பித்தேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "தெரியாம வந்து மாட்டிக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை ஆன்ட்டி" என்றாள். வீடு பிடித்துவிட்டது. அத்தை சாமான்களை ஓர் அறையில் போட்டுப் பூட்டிக்கொள்ளலாம், மீதி அவர்களுக்குப் போதும் என்கிறார்கள், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து போகலாம் என்றும் சொன்னார்கள். வந்து போகலாம். அதுதான் எனக்கு உன் அண்ணன் வீட்டிலும் இருக்கிறதே.

அவர்களுக்கு இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் வேண்டும். நல்ல குடும்பம், ஒரு குறையும் சொல்ல இல்லை, இந்தத் தடவை நிஜமாகவே இல்லை. ஆகவே சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். வீட்டை வாடகைக்கு விடு. எனக்கு விடு.

அம்மாவிடம் வாடகையா என்று நீ அங்கே எழுந்து நின்று கத்துவது இங்கே கேட்கிறது. உட்கார். உன் அத்தை அந்த வீட்டை உன் அண்ணனுக்கு எழுதாமல் உனக்கு எழுதியபோது நான் காரணம் கேட்டேன். "பையனுக்குக் குடுத்தா குடும்பத்துக்குப் போயிடும், பொண்ணுக்குக் குடுத்தா பொண்ணுகிட்டயே இருக்கும்" என்றாள். நாற்பது வருடம் நில அளவை ஆபீஸில் மற்றவர்களுடைய எல்லைக்கோட்டை வரைந்தவள், யோசிக்காமல் எதையும் சொல்ல மாட்டாள். அது உன்னுடையது. வருகிற வாடகையை நம்பித்தான் ஒரு வருடம் வேலையை விட்டுவிட்டு அந்தப் படிப்பை முடிக்கலாம் என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். ஓசியில் இருந்தால் உன் படிப்பின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி, அதோடு அங்கேயும் நான் விருந்தாளிதான். பென்ஷன் வருகிறது. எக்ஸ்ரேக்காரர் தருவதாகச் சொன்னதை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் முடியும், அதையும் மறைக்கவில்லை. தரகர் மூலமே ஒப்பந்தம் எழுதலாம், பதினொரு மாதம், எல்லோருக்கும் போடுவது போல. எனக்கு ஒத்துவராவிட்டால் நானே காலி செய்கிறேன்.

அத்தை எப்படிப் போனாள் என்பதை மறந்துவிட்டாயா என்று உன் அண்ணன் கேட்பான். குளியலறையில் விழுந்தாள், மறுநாள் காலைதான் பக்கத்து வீட்டுத் தையல்காரி பார்த்தாள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. அந்தக் குளியலறைக்குள் கால் வைக்கும்போதெல்லாம் உண்டு. தையல்காரியிடம் பேசிவிட்டேன், ஒரு சாவி அவளிடம் இருக்கும், காலை ஆறரைக்குள் என் மோட்டார் ஓடுகிற சத்தம் சுவரில் கேட்காவிட்டால் உள்ளே வந்துவிடுவாள். கைப்பிடிக் கம்பி இரண்டு போட வேண்டும், அது என் செலவு. மகன் துரத்திவிட்டான் என்று நாலு பேர் சொல்வார்கள். அதற்குத்தான் என்னிடம் மருந்து இல்லை. அவன் முகம் வாடும். அதை நினைத்துத்தான் இத்தனை நாள் மீட்டரை ஓடவிட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தேன்.

நீ முடியாது என்றாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுத மாட்டேன், வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் தாங்குவேன். முடியாதென்றால் தரகருக்கு நேராகச் சொல்லிவிடு, அவர்களுக்கு நானே சாவியைக் கொடுத்து, எந்த ஜன்னலின் கொக்கி எப்படி விழும் என்று காட்டிவிட்டு வருவேன். எனக்காக உன் படிப்பை விட்டாய் என்று மட்டும் நான் கேள்விப்படக் கூடாது.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம். குளிர் ஏறுகிறது என்றாயே, கால் உறையில்லாமல் தரையில் நடக்காதே. முதுகுவலிக்கு டாக்டரிடம் போ, வீடியோ பார்த்து உடம்பை முறுக்காதே. இரண்டு பேரும் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். இருபத்தைந்தாம் தேதியை மறக்காதே.

உன் அம்மா

பி.கு: உறையை ஒட்டும் முன் உன் அண்ணனுக்குப் போன் செய்தேன். உனக்குத் தெரிந்து அவனுக்குத் தெரியாமல் இருந்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும். ஐந்து மாதமாக நான் நூலகத்துக்குப் போகவில்லை, அத்தை வீட்டில்தான் இருக்கிறேன், இனி அங்கேயே இருக்கலாமா என்று பாப்பாவிடம் கேட்டு எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். "மத்தியானம் அங்க என்னம்மா சாப்பிடுற?" என்று கேட்டான். சொன்னேன். சாயங்காலம் வருகிறேன், கம்பி எங்கே போட வேண்டும் என்று காட்டு என்றான். கூரியர் ஆபீஸை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், போய்க் கொடுத்துவிட்டு அவன் வருவதற்குள் திரும்ப வேண்டும், கிளம்புகிறேன்.