மறுபடியும் ஒரு மஞ்சள் பாஸ்

அனுப்புநர்:
சா. அம்சவல்லி,
ஆசிரியப் பயிற்சி தேறியவர்,
த/பெ. சாமிக்கண்ணு (சுரங்க ஒப்பந்தத் தொழிலாளி),
மந்தாரக்குப்பம், நெய்வேலி,
தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
வெளிநாட்டு நிபுணர் குடியிருப்பு,
நெய்வேலி.

பொருள்: இத்தாலி செல்வதற்கான மொழித் தேர்வுக்குப் படிக்கும் பொருட்டுக் குடியிருப்பினுள் நுழைய அனுமதி கோருதல், முன்கேட் வழியாக இயலாவிடில் பின்கேட் வழியாகவேனும்.

பார்வை: சென்ற மாதம் நான் நேரில் கொடுத்த மனுக்கள் இரண்டு. எழுத்தில் பதில் வரவில்லை. வாயால் சொல்லப்பட்ட பதிலுக்கு இம்மனு.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இந்த மனுவைக் கடைசி வரி வரை படித்தருளுமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். முன்னர் கொடுத்த இரண்டும் பாதியில் மடித்து வைக்கப்பட்டதாகத் தங்கள் அலுவலக எழுத்தர் ஒளிக்காமல் சொன்னார். நீளமாக எழுதியது என் தவறாக இருக்கலாம். இம்முறையும் சுருக்கமாக எழுத முயன்று பார்த்தேன், முடியவில்லை.

1. தங்களுக்கு என்னை நேரில் தெரியாது. ஆயினும் தங்கள் ஜீப் பின்கேட் பக்கம் வரும்போதெல்லாம் ஒதுங்கி நின்ற பெண்களில் நானும் ஒருத்தி. எங்கள் குடும்பம் சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் பிறர் நிலத்தில் நடவும் அறுப்பும் செய்து பிழைத்தது. சுரங்கத்தில் மண் வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என் தகப்பனார் எங்களை அழைத்துக்கொண்டு இங்கே வந்தார். வந்த நாள் முதல் இன்றுவரை ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார். பர்மனெண்ட் ஆகும் என்று ஆண்டுதோறும் சொல்லப்படுகிறது.

2. நான் எட்டாம் வகுப்பு தேறியபின், 1961-ஆம் ஆண்டில், உரத் தொழிற்சாலைக்குக் குழாய் பொருத்த வந்த இத்தாலியப் பொறியாளர் திரு பெர்னார்தி அவர்களின் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன். அவருடைய மனைவி திருமதி லூச்சியா அம்மாள் தம் நாட்டில் சிறு குழந்தைகளின் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். குழந்தை கியாராவுக்கு அப்போது இரண்டு வயது. அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இத்தாலி மொழியின் வாசனையே கிடையாது. நடுவில் இருந்த குழந்தைதான் எங்கள் இருவருக்கும் மொழி சொல்லிக்கொடுத்தாள் என்றால் மிகையாகாது. இன்று அந்தக் குழந்தை தமிழ் பேசினால் மந்தாரக்குப்பத்தில் பிறந்த பிள்ளை என்றே யாரும் சொல்வார்கள். அதற்கு நான்தான் பொறுப்பு.

3. ஒருநாள் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி நான் குழந்தைக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்ததை அம்மாள் கதவோரம் நின்று வெகுநேரம் பார்த்திருக்கிறார். அன்று மாலையே, நீ பாத்திரம் கழுவப் பிறந்தவள் அல்ல, பாடம் சொல்லப் பிறந்தவள் என்றார். இப்படிச் சொல்லிவிட்டுப் பிறகு மறந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர் மறக்கவில்லை. கடலூரில் ஆசிரியப் பயிற்சியில் நான் சேர்ந்ததும், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவர் வீட்டில் வேலையும் செய்து மொழியும் படித்ததும் அவருடைய பிடிவாதத்தால் நடந்தவை. அப்போதெல்லாம் என்னிடம் மஞ்சள் பாஸ் இருந்தது. பின்கேட்டில் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

4. இத்தாலியில் பெர்காமோ என்னும் ஊரில், சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறையைப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்றில் எனக்கு அம்மாள் ஓர் இடம் வாங்கித் தந்திருக்கிறார். அங்கேயே தங்கி, குழந்தைகளுக்குப் பாடம் சொல்லியபடியே மேலும் படிக்கலாம். நிபந்தனைகள் இரண்டு. முதலாவது, ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ். அதை இவ்வாண்டு பெற்றுவிட்டேன். இரண்டாவது, வருகிற ஆகஸ்டு 28-ஆம் தேதி சென்னையில் அந்நாட்டு அம்மையார் ஒருவர் முன்னிலையில் இத்தாலி மொழியில் பேசிக் காட்டவும், சிறு பாடம் ஒன்றை நடத்திக் காட்டவும் வேண்டும். அதில் தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். செப்டம்பரில் பெர்னார்தி குடும்பமும் ஊர் திரும்புகிறது. அதற்குப் பிறகு எனக்காக ஒரு சொல் சொல்ல இந்த ஊரில் யாரும் இருக்கமாட்டார்கள்.

5. இனி நடந்ததைச் சொல்கிறேன். சென்ற மாதம் சான்றிதழ் கைக்கு வந்தது. அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு வரை மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்த சமயம் அது. செய்தி கேட்டு மகிழ்ந்து, இனி நீ ஆசிரியை, முன்வாசல் வழியாக வா என்று சொல்லி அனுப்பினார். நானும் அப்படியே நம்பினேன். மெல்லிய வாயில் துணியில் புதுப் புடவை உடுத்தி, காலில் செருப்பணிந்து, சான்றிதழை உறையிலிட்டு எடுத்துக்கொண்டு முன்கேட்டுக்குப் போனேன். அன்று எனக்கிருந்த பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

6. கேட்டில் இருந்த காவலர் திரு சடையப்பன் எங்கள் தெருக்காரர். என் சிறுவயதிலிருந்து என்னை அறிந்தவர். இம்மனு அவர் மீது புகார் அன்று என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். அவர் சொன்னதை உள்ளபடியே எழுதுகிறேன்: “அம்சா, புள்ள தூக்கறதுக்குன்னா பின்னால வா, வுடறேன். வாத்தியாரம்மான்னு சொல்லிகினு முன்னால வந்தா உன்ன எந்தக் கணக்குல எழுதறது? என் வேலை பூடும்.” நான் அப்போதே திரும்பிப் பின்கேட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நான் இப்போது இங்கே வேலை செய்யவில்லை, படிக்க வந்திருக்கிறேன் என்று உண்மையைச் சொல்லி, சான்றிதழையும் எடுத்துக் காட்டினேன். வேலை செய்யாதவர் கையில் மஞ்சள் பாஸ் இருக்கக் கூடாது என்று அங்கிருந்த மேலாள் அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

7. மறுநாள் தங்கள் அலுவலகத்தில் எனக்கு விதிகள் விளக்கப்பட்டன. வெள்ளை பாஸ் விருந்தினருக்கு. விருந்தினர் அதிகாரிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். நீல பாஸ் அலுவல் நிமித்தம் வருவோருக்கு. மஞ்சள் பாஸ் வீட்டு வேலைக்காரர்களுக்கு. படிக்க வருகிறவர்களுக்கு எந்த நிறமும் இல்லை. இதைக் கேட்டு, பொறியாளர் அவர்கள் என்னை மீண்டும் வேலைக்கே சேர்த்துக்கொள்வதாகத் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். அதற்கு வந்த பதில், ஆசிரியச் சான்றிதழ் உள்ள ஒருவரை வேலைக்காரியாகப் பதிய இயலாது, படித்த பெண் பாத்திரம் கழுவ வருகிறாள் என்றால் உள்ளே வேறு நோக்கம் இருக்கும் என்பதாகும். ஐயா, ஆசிரியை ஆனபின்னும் முன்கேட்டில் எனக்கு இடமில்லை. ஆசிரியை ஆகிவிட்டதால் பின்கேட்டிலும் இடமில்லை. எனக்கு உண்மையிலேயே வேறு நோக்கம் இருக்கிறது. அதைத்தான் முதல் மனுவிலிருந்து மறைக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

8. எட்டணாப் புத்தகம் வாங்கி வீட்டிலேயே படிக்கலாமே என்று எழுத்தர் யோசனை சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் என் இத்தாலி மொழி சமையலறையில் கற்றது. சாப்பிடு, தூங்கு, மூக்கைச் சிந்து, அழாதே என்பவற்றைத் தடங்கலின்றிச் சொல்வேன். பெரியவர்களிடம் பேசும் மரியாதைப் பேச்சு எனக்கு வராது. இப்படியே சென்னைக்குப் போனால், தேர்வு நடத்தும் அம்மையாரைப் பார்த்து “வாடி கண்ணு, வாயைத் திற” என்கிற தோரணையில்தான் நான் பேசுவேன். தற்போது அவ்வீட்டில் வேலை செய்யும் தமயந்தி என்பவர் அம்மாள் எழுதித் தரும் பாடங்களை எனக்குக் கொண்டுவந்து தருகிறார். அவருக்கு நான் கடமைப்பட்டவள். ஆனால் காகிதத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவரலாம். பேச்சை அப்படிக் கொண்டுவர முடியாது. பொறியாளரோ இயந்திரங்களை ஓட்டிப் பார்க்கும் வேலையில் பொழுதுக்கும் தொழிற்சாலையில் இருக்கிறார். தமயந்தி காலையில் பின்கேட்டில் நுழைவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இதை ஒரு மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை.

9. வேறு வழி தோன்றாமல், மாலை வேளைகளில் குடியிருப்பின் பின்புற முள்வேலிக்கு வெளியே நின்று கியாராவோடு பேசிப் பழகினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார, இந்தப் பக்கம் நின்று நான் அவளுக்குப் பாடம் நடத்திப் பார்த்தேன். நான் பிழையாகச் சொன்னால் சிரிப்பாள். அதை வைத்துத் திருத்திக்கொள்வேன். சில நாட்களே இது நடந்தது. கடைசியாக அவள் தமிழிலேயே கேட்டாள்: “அம்சா, நீ ஏன் வெளியவே நின்னுகினு இருக்க? அம்மா உன்னக் கேட்டுகினே இருக்காங்க. வூட்டுக்கு வா.” அதற்குள் காவலர்கள் வந்துவிட்டார்கள்.

10. ஒரு பெண் வெள்ளைக்காரர் வேலியைச் சுற்றி வருகிறாள் என்று அது புகாராகிவிட்டது. புகார் என் தகப்பனாரின் மேஸ்திரிக்குப் போயிற்று. மகளை அடக்கி வைக்காவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்படும் என்று, ஷிப்ட் முடிந்து கலையும் ஆட்களுக்கு மத்தியில் அவரிடம் சொல்லப்பட்டிருக்கிறது. அவர் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்து இவ்வளவுதான் சொன்னார்: “படிச்சா உள்ள வுடுவாங்கன்னுதான படிக்க வெச்சேன். படிச்சதால வுடலன்னா நான் யாருகிட்ட போயி சொல்றது?” யாரிடம் போய்ச் சொல்வதென்று எனக்கும் தெரியாததால்தான் மூன்றாம் முறையாகத் தங்களுக்கே எழுதுகிறேன். அன்று முதல் வேலிப் பக்கம் நான் போகவில்லை. இனியும் போகமாட்டேன். தாங்கள் மேஸ்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லி, என் தகப்பனாருக்குத் தீங்கு வராமல் காக்குமாறு வேண்டுகிறேன்.

11. விதிகளைத் தாங்கள் ஒருவர் மாற்ற முடியாது என்று எழுத்தர் சொன்னார். அப்படியே இருக்கட்டும். நீதி கேட்டு எழுதும் திறமும் எனக்கு இப்போது இல்லை. நாட்கள் போய்க்கொண்டிருக்கின்றன. காலையில் கண் விழித்தால் நேற்றுத் தெரிந்த சொற்களில் சில இன்று நினைவுக்கு வரவில்லை. பயமாக இருக்கிறது.

12. ஆகவே என் கோரிக்கையைக் குறைத்துக்கொள்கிறேன். முன்கேட் வேண்டாம். வெள்ளை பாஸும் நீல பாஸும் வேண்டாம். எனக்குப் பழைய மஞ்சள் பாஸையே திருப்பித் தந்தால் போதும். சான்றிதழ் உள்ளவர் வேலைக்காரியாக முடியாது என்பதே தடையென்றால், அச்சான்றிதழை அசலாகவே இத்துடன் இணைத்து அனுப்புகிறேன். அதைத் தங்கள் அலுவலகப் பூட்டினுள் வைத்துக்கொள்ளலாம். அது தங்களிடம் இருக்கும்வரை நான் பயிற்சி தேறாதவள், எட்டாம் வகுப்போடு நின்றவள் என்று கருதப்பட முழு மனதோடு சம்மதிக்கிறேன். பெயருக்கு வேலைக்காரியாக வந்து உட்கார்ந்துகொள்ள மாட்டேன். தமயந்தியோடு சேர்ந்து பெருக்குவேன், துவைப்பேன், படுத்திருக்கும் அம்மாளுக்கு வேண்டியதைச் செய்வேன். அந்த வேலைகள் எனக்கு மறக்கவில்லை. செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவேன்.

13. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். தேர்வுக்கு முந்திய நாள் நான் சென்னைக்கு ரயில் ஏறுவேன். அன்று காலையில் தாங்கள் எனக்கு அந்தச் சான்றிதழைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் அங்கேயும் என்னை வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

நெய்வேலி,
27-7-1964.

தங்கள் உத்தரவுக்காகப் பின்கேட்டில் காத்திருக்கும்,

சா. அம்சவல்லி,
எட்டாம் வகுப்பு, வீட்டு வேலை.

இணைப்பு: ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ், அசல். (நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.)