மஞ்சளில் கரைந்த பத்திரிகை

ஆவணி 12, வியாழன்

நாத்தனார் விஜயா, மகள் கல்யாணப் பத்திரிகைக்கு என் பிரஸ்ஸில் மாதிரி வாங்கிக்கொண்டு போனவள், அதை அப்படியே காப்பியடித்து வீட்டு பிரிண்டரில் அடித்திருக்கிறாள். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டாள். தாய்மாமன் என்று நான் போட்டிருந்த என் வீட்டுக்காரர் பெயர். கூடப்பிறந்த தம்பி பெயர்.

இன்று அவள் குவார்ட்டர்ஸில் பத்திரிகைக்கு மஞ்சள் வைத்தார்கள். "பிரஸ்ஸே இல்லாம அடிச்சிட்டோம், பாத்தியா?" என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டாள். அந்த வீட்டு பிரிண்டர் மை ஈரம் தாங்காது என்று எனக்குத் தெரியும். மஞ்சளை நானே குழைத்துக் கொடுத்தேன், நன்றாகத் தண்ணீர் விட்டு.

மூலைக்கு மூலை தொட்டு வைத்து அடுக்கினார்கள். ஓரத்துச் சிவப்புப் பூக்கள் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சம்பந்தி பெயரெல்லாம் இழுகிப்போயிற்று. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"நாளான்னிக்கு சம்பந்தி வூட்டுக்கு எடுத்துக்கினு போவணும். நீதான் அடிச்சிக் குடுக்கணும்" என்று என் கையைப் பிடித்தாள்.

"அதுக்கென்னங்க அண்ணி, குடுத்துடறேன்" என்றேன்.

கெட்டுப்போனதில் ஒன்றை இவரிடம் காட்டினேன். மேலிருந்து கீழ்வரை தன் பெயரைத் தேடினார். அதை மடித்து வைத்துவிட்டு நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

காலையில் அதுதான் முதல் வேலை. தாய்மாமன் பெயரை மணமக்கள் பெயர் அளவுக்கே பெரிதாக அடிக்கப்போகிறேன். திருத்தச் சொல்ல அவளுக்கு நேரமிருக்காது. அந்தப் பெயருக்கு அவள் கையாலேயே மஞ்சள் வைக்கட்டும். எவ்வளவு தண்ணீர் விட்டுக் குழைத்தாலும் என் மை கரையாது.