சாவி இல்லாத அவைத்தலைவர்

திசம்பர் 6

தகரப் பெட்டி ஒன்று வாங்கினேன். நீல நிறம்; இருபுறமும் கைப்பிடி. "பாப்பா எந்த ஊருக்குப் போகுது மேடம்?" என்றார் கடைக்காரர். "பெட்டிக்கு ஊர் எதுக்கு?" என்றேன். மேடைப் பேச்சாளர் வேடிக்கை பேசிவிட்டார் என்று கடையே சிரித்தது. நான் வேடிக்கை பேசவில்லை.

தங்கை இறந்து மூன்று திங்கள் ஆகின்றன. அவள் மகள் என்னிடம் இருக்கிறாள். எட்டு வயது; தந்தை முகம் அறியாதவள். தாய் அவளை மிளகு என்பாள், நானும் அப்படியே. ஒவ்வொரு திங்களிலும் பாதி நாள் நான் வெளியூர் மேடைகளில் நிற்பவள். சனவரியில் அவளைப் பள்ளி விடுதியில் சேர்ப்பதென்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

திசம்பர் 10

மன்றத்தில் கூட்டம். பேசினேன்.

கைதட்டல் தானாக எழுவதில்லை. ஒருவர் தொடங்க வேண்டும். நான் மேடையேறிய நாள்முதல் என் தங்கை தொடங்கினாள். கடைசி வரிசை, கதவோர நாற்காலி. நான் ஒரு தொடரைக் குரலுயர்த்திச் சொல்லி நிறுத்துவேன். அவள் கைதட்டல் விழும். அரங்கம் அதைப் பிடித்துக்கொள்ளும். இன்றும் நிறுத்தினேன். மின்விசிறி சுழலும் ஓசை கேட்டது.

அவளுடைய இரங்கல் கூட்டத்திலும் இதுவே நடந்தது. "அவள் கொண்டுவந்தது ஒன்றுமில்லை, கொடுத்துச் சென்றதோ ஏராளம்" என்று உயர்த்தி, நிறுத்தி, கைதட்டலுக்குக் காத்து நின்றேன். பழக்கம். துயரத்தில் நா எழாமல் நிற்கிறேன் என்று எல்லாரும் தலைகுனிந்தனர். நான் காத்து நின்றேன், அவ்வளவே.

மன்றச் செயலாளர் படியிறங்கும்போது கேட்டார்: "அக்கா, இன்னைக்கு சூடு கொஞ்சம் கம்மி. தொண்டை சரியில்லையா?"

தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

திசம்பர் 14

தெருவெல்லாம் கிறித்துமசு விளக்குகள். நான் எந்தக் கடவுளுக்கும் விளக்கேற்றாதவள். அதை ஊர்தோறும் முழங்கியவள். தங்கையோ ஆண்டுதோறும் சாளரத்தில் தாள் விண்மீன் கட்டுவாள். "நீ பாட்டுக்குப் பேசுக்கா, நான் பாட்டுக்குக் கட்டுறேன்" என்பாள்.

சென்ற கிறித்துமசுக்கு மகளுக்கு அவள் வாங்கித் தந்தது கைதட்டும் தகரக் குரங்குப் பொம்மை. முதுகில் சாவி கொடுத்தால் தட்டும். அதற்கு அவைத்தலைவர் என்று பெயர் சூட்டியவளும் அவளே. "எல்லா அவைத்தலைவரும் இப்படித்தான். சாவி கொடுத்தா தட்டுவாங்க." வீட்டில் நான் பேசிப் பழகும்போது அது எதிர் நாற்காலியில் அமர்ந்திருக்கும். "அவைத்தலைவர் அவர்களே" என்று தொடங்குவேன். தாயும் மகளும் தரையில் உருண்டு சிரிப்பார்கள்.

சாவி தங்கையின் சாவிக்கொத்தில் இருந்தது. கொத்து மருத்துவமனையில் தொலைந்தது. அன்றுமுதல் பொம்மை தட்டவில்லை.

"வேற சாவி செய்யச் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம் பெரியம்மா. இனிமே அவருக்கு நெஜம்னு தோணினாதான் தட்டுவார்."

திசம்பர் 17

ஒன்றுமில்லை. உண்டோம். உறங்கினோம்.

திசம்பர் 21

மிளகு பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"இது எனக்கா?"

ஆம் என்றேன். பிறகு பேசினேன்: கல்வி என்பது கூட்டைவிட்டுப் பறக்கும் சிறகு என்றும், பிரிவு என்பது அன்பின் உரைகல் என்றும். நன்றாகக் கட்டப்பட்ட தொடர்கள். இடையில் ஒருமுறை நிறுத்தவும் செய்தேன்.

"மேடையில பேசுற மாதிரி பேசாத பெரியம்மா." அழவில்லை. மடியிலிருந்த குரங்கை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "பாரு, அவர் தட்டல."

அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்குமா?

திசம்பர் 24

மாலையில் காணாமற்போனாள். கிடைத்துவிட்டாள். நாளை எழுதுகிறேன்.

திசம்பர் 25

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா வாசலில் கை பிசைந்துகொண்டு நின்றார். "இப்போதான் இங்க விளையாடிட்டு இருந்துச்சு, ஒரு பக்கம் துணியைத் திருப்பித் தைக்கறதுக்குள்ள ஆளக் காணோம்." சாளரத்தில் எப்போதும் இருக்கும் குரங்கும் இல்லை. எங்கே தேடுவது? கால்கள் மன்றத்துக்குப் போயின. பழக்கம்தான், வேறென்ன.

மன்றம் பூட்டியிருந்தது. மன்றக் காவலர் பூட்டைத் திறந்தார். உள்ளே, கடைசி வரிசையில், கதவோர நாற்காலிக்கு அடுத்ததில் மிளகு அமர்ந்திருந்தாள். கதவோர நாற்காலியில் அவைத்தலைவர்.

"ஏம்மா, பூட்டு போட்டது போட்டபடி இருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு. இந்தப் பொடிசு எந்த வழியா வந்துச்சு?" என்றார் காவலர்.

மிளகு சொன்னாள். அவைத்தலைவர் சாளரத்திலிருந்து குதித்து முன்னே நடந்தாராம். முச்சந்தியில் ஒரு தட்டு தட்டினார்; வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. தெருவில் தட்டிக்கொண்டே போனார். அணைந்திருந்த விண்மீன் விளக்குகள் வீடு வீடாக எரிந்தன. "இங்க வந்து தட்டினாரா, கதவு வழி விட்டுச்சு. உள்ள எல்லா நாற்காலியிலும் பொம்மைங்க பெரியம்மா! காதில்லாத முயல், சக்கரம் போன ரயிலு, ஒத்தக் கண்ணு ராணி. எல்லாம் தொலைஞ்சுபோனதுங்க. வருஷத்துக்கு ஒரு நாள் கூடுவாங்களாம். ஆனா பேசுறதுக்கு ஆளே வரலையாம். எங்க பெரியம்மா வருவாங்கன்னு சொல்லிட்டேன்."

நாற்காலிகள் வெறுமையாக இருந்தன.

"எல்லாரும் காத்திருக்காங்க. போய்ப் பேசு."

போனேன். ஏன் போனேன்? மேடையில் ஒலிவாங்கி இல்லை. "அவைத்தலைவர் அவர்களே" என்றேன். அடுத்த தொடர் வரவில்லை. எத்தனையோ ஆண்டில் முதன்முறையாக ஒன்றுமே வரவில்லை. பிறகு வாய் தானாகப் பேசியது. "என்னால உன்னப் பாக்க முடியல மிளகு. அப்படியே அவ மூஞ்சி உனக்கு. அதான் அனுப்பறேன். படிப்புக்காக இல்ல. நீ போயிட்டா அந்த வீட்ல நான் மட்டும் — அதுவும் என்னால முடியாது."

நான் நிறுத்தவில்லை. பேச்சு தானாக நின்றது.

கடைசி வரிசையில் ஒரு கைதட்டல் விழுந்தது. தகரத்தில் தகரம் மோதும் ஓசை. ஒரே ஒரு தட்டு.

மிளகின் இரு கைகளும் மடியில் இருந்தன. "யாருப்பா அது தட்டுனது?" என்று காவலர் திரும்பிப் பார்த்தார்.

நான் வியந்திருக்க வேண்டும். அஞ்சியாவது இருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. சாவி இல்லை, தட்டியது, கேட்டேன். காலமெல்லாம் மாயத்தை மறுத்து முழங்கியவள் இதை எழுதிவைக்கிறேன், மறுக்கும் தெம்பு இல்லாமல்.

வீட்டு வாசலில் சாவியை எடுக்கப் போனபோதுதான் என் வலக்கை மிளகின் கைக்குள் இருப்பதைக் கண்டேன். எப்போது கொடுத்தேன்?

திசம்பர் 26

சாளரத்தில் தாள் விண்மீன் கட்டினேன். "நேத்தே முடிஞ்சுபோச்சு பெரியம்மா" என்று சிரித்தாள். கட்டியது இருக்கட்டும்.

திசம்பர் 30

விடுதிக் காப்பாளரிடம் தொலைபேசியில் வேண்டாம் என்றேன். "ஏன் மேடம், என்ன ஆச்சு?" என்றார். பேச்சை வளர்க்கவில்லை.

சனவரி 11

மன்றத்தில் கூட்டம். மிளகையும் அழைத்துச் சென்றேன். கடைசி வரிசைதான் வேண்டும் என்றாள். முன்னால் இருப்பவர் தலை மறைக்கும் என்று பெட்டியையும் எடுத்துவரச் செய்தாள். கதவோர நாற்காலியில் அவைத்தலைவர். பக்கத்தில், நீலப் பெட்டியின்மேல் அவள்.

நான் நிறுத்திய இடம் எதிலும் அவள் தட்டவில்லை. நிறுத்தாத ஓரிடத்தில், "எனக்கு ஒரு தங்கை இருந்தாள்" என்று ஏற்றமில்லாமல் சொல்லிக் கடந்துபோகையில், தட்டினாள். அரங்கம் அதைப் பிடித்துக்கொண்டது. அடுத்த தொடர் எனக்கு மறந்துபோனது. ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றேன். இம்முறை எதற்கும் காத்து நிற்கவில்லை.

"பெரியம்மா, அழுதியா?" என்றாள் வெளியே வந்ததும்.

"தெரியல" என்றேன்.

"அழுத. நான் பாத்தேன்."

பெட்டியின் ஒரு கைப்பிடி அவளிடம், மறு கைப்பிடி என்னிடம். வீடு வரை உள்ளே அவைத்தலைவர் உருண்டுகொண்டே வந்தார்.