கதவோர நாற்காலி

அன்புப் பட்டாணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அவளுடைய முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். நீயும் உன் பத்து விரல்களும் அங்கே சுகமாக இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. குளிர் தொடங்கிவிட்டதாமே, வாசிக்க உட்காருவதற்கு முன்னால் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவு, சோம்பல்பட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவாதே. இங்கே மாடித் தொட்டி கசிந்து சமையலறைச் சுவர் ஊறிப்போயிருக்கிறது. ஊர்த் தண்ணியெல்லாம் சோதிச்சுப் பார்க்கிற மனுஷனுக்குத் தன் வீட்டுத் தண்ணி எங்க போகுதுன்னு தெரியலை என்று உன் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். பரிசோதனைக்கூடத்திலிருந்து நான் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான், அதுவரை குடுவையும் நானும்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதம் கழித்து நடக்கப்போகிற உன் கச்சேரிக்கு நீ மட்டும் வாம்மா, அப்பாவுக்குத்தான் இதெல்லாம் பிடிக்காதே, பாவம் அவரை ஏன் இழுத்துட்டு வரணும் என்று போனில் அம்மாவிடம் சொன்னாயாம். அவள் சொன்னபோது நான் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன், எனக்கு வலித்தது. உன்மேல் தப்பில்லை. உன் பதின்மூன்றாவது வயதில் பள்ளி விழாவில் நீ வாசித்துக்கொண்டிருந்தபோது பாதியில் எழுந்து போனவன் நான். மேடையிலிருந்து நீ பார்த்தாய், நீ பார்த்ததை நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு நீ கூப்பிடவில்லை, நானும் வரட்டுமா என்று கேட்கவில்லை, பதினாறு வருடம் அப்பனும் மகளும் கல்லுளிமங்கன் மாதிரி இருந்துவிட்டோம்.

போன மாதம் உன் அம்மா என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை, செவிடு என்று அவள் முடிவே செய்துவிட்டாள். டாக்டரம்மா என்னை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார், நான் அழுத்திய வேகத்தில் இயந்திரம்தான் பழுதோ என்று சந்தேகப்பட்டு மறுபடி முதலிலிருந்து செய்தார். பிறகு, காது நல்லாத்தான் இருக்கு சார், ஆனா சத்தத்தை மத்தவங்களைவிட உங்க உடம்பு அதிகமா எடுத்துக்குது, அது தாங்காமதான் கூப்பிட்டாலும் திரும்பாம ஒதுங்கிக்கிறீங்க, சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானே என்று கேட்டார். ஐம்பத்தொன்பது வருடத்தில் என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. நான் என்னை மூக்கு நுனியில் கோபம் உள்ளவன் என்றுதான் நினைத்திருந்தேன். புதுச் சட்டையின் கழுத்தில் உறுத்தும் லேபிள் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டுவது, குழல்விளக்கு உறுமுகிறது என்று அணைத்துவிட்டு இருட்டில் சாப்பிடுவது, தட்டில் கரண்டி கீறினால் எழுந்து போவது எல்லாம் ஒரே குடும்பமாம். உன் அம்மா வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் கரண்டிகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மரக்கரண்டிகளை வெளியே வைத்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு குடைச்சல் வந்துவிட்டது. நீ அம்மாவின் போனுக்கு அனுப்பிய பதிவு இருக்கிறதே, கச்சேரியில் வாசிக்கப்போகும் அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமாண்டிக் காலத்துப் பியானோ இசை, அதை எப்படியாவது முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்று நோட்டுப் புத்தகம் போட்டு உட்கார்ந்தேன். பரிசோதனைக்கூடத்துப் பழக்கம், ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவேன். முதல் நாள் கூடத்து நாற்காலியில், பாதிச் சத்தத்தில். இடது கை தொட்டில் ஆட்டுவது போலப் போய்க்கொண்டிருந்தது, ஆகா என்று இருந்தபோது இரண்டு கையும் சேர்ந்து ஒரு அடி, டீ முழுக்கச் சட்டையில். காதில் பஞ்சு வைத்தால் எல்லாம் போர்வைக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. போனைப் பக்கத்து அறை அலமாரிமேல் வைத்து, இந்தப் பக்கம் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன், கீழ்ச் சுரங்கள் முதுகு வழியாக வந்தன, அது நன்றாக இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் என்று உன் அம்மா முணுமுணுத்தாள். ஏழாவது தடவை அதே இரட்டை அடி வந்தது, ஆனால் அடிக்கவில்லை பட்டாணி, வந்துவிட்டுப் போனது. வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். பழகப் பழகப் பாலும் புளிக்கும்பாங்க, நீங்க என்னடான்னா ஒரே பாட்டை இப்படிக் கேக்கிறீங்க என்றாள் உன் அம்மா. எனக்குப் பழகினால்தான் பால், அதற்கு முன்னால் வெறும் சூடு.

கேட்கக் கேட்கச் சந்தேகங்கள் வேறு. அந்தக் காலத்து ஆட்கள் ஏன் இப்படி எழுதினார்கள், மெல்லப் பேசிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று கத்துகிறார்கள், உடனே சமாதானம் பேசுகிறார்கள், கல்யாணமான புதிதில் உன் அம்மா இப்படித்தான். நீ பியானோவின் கால்மிதியிலிருந்து காலை எடுக்கும்போது உள்ளே கம்பளித் துணி நகர்வது போல ஒரு சத்தம் வருகிறதே, அது பதிவின் குறையா, பியானோவே அப்படித்தானா? அம்மாவுக்குக் கேட்கவில்லையாம். எனக்கு இப்போது அதுதான் மிகவும் பிடித்த இடம்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. சின்ன வயதில் நீ பியானோவைத் திறந்தாலே நான் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன், பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பாய். பியானோ எந்தச் சுவரை ஒட்டி இருந்தது என்று நினைத்துப் பார். அதன் அந்தப் பக்கம் நான் தரையில் உட்கார்ந்திருப்பேன். ஒரே வரியை நீ முப்பது தடவை வாசிப்பாய், அம்மா சமையலறைக் கதவை மூடுவாள், கீழ்வீட்டுத் தையல்காரர் வேண்டுமென்றே மெஷினை ஓட்டுவார், எனக்கோ அதைவிடச் சுகம் வேறு இருந்ததில்லை, அடுத்தது என்ன என்று தெரியும் அல்லவா.

பள்ளி விழா அன்று விளக்குகளின் உறுமல், உனக்கு முன்னால் வாசித்த பையனுக்குக் கைதட்டல், அதன்மேல் உன் முதல் பெரிய அடி, உடம்பு தாங்கவில்லை, எழுந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. பக்கக் கதவுக்குப் பின்னால் நெற்றியைப் பலகையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசிப் பகுதியில் உன் இடது கை வழுக்கியது, நாலு தாளத்தட்டு பின்னால் போய் அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்பது போல மறுபடி வந்து சேர்ந்தாய். ஒரு பிழை இல்லை என்று உன் டீச்சர் மெச்சினார், நீ வாயைத் திறக்கவில்லை, நானும் காட்டிக்கொடுக்கவில்லை. உள்ளே இருந்த முந்நூறு பேருக்கும் தெரியாது. இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்பு, மன்னித்துக்கொள்.

அதனால் எனக்கும் ஒரு டிக்கெட் எடு. கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியாக. விமானச் சத்தத்துக்கு டாக்டரம்மா காதுமூடி எழுதிக் கொடுத்திருக்கிறார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை நீ பயிற்சி செய்வதைத் தினமும் பதிவு செய்து அனுப்பு, தப்பும் தடுமாற்றமும் இருக்கட்டும், எனக்கு அதுதான் வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, நகம் வெட்டிக்கொள். நீ நீண்ட ஆயுளோடு, நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். மறந்துவிடாதே, கதவோர நாற்காலி. வாசிக்கும்போது நடுவில் அது காலியாகத் தெரிந்தால் நிறுத்தாதே கண்ணு, கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.

இப்படிக்கு,
சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த
உன் அப்பா