சந்தனப் பொட்டு வைத்த டப்பா

பூலாம்பாடி,
30.1.2025, வியாழக்கிழமை.

அன்புள்ள மகன் அறிவழகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். அங்கே மஸ்கட்டில் நீயும் நலம் என்று போனில் சொல்கிறாய், ஆனால் போன வாரம் உன் குரல் கம்மியிருந்தது, ஏசியில் படுத்த சளி என்று நீ சொன்னதை அம்மா நம்பினாள், நான் நம்பவில்லை, எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள், நான் சொல்லப்போவது இப்போதைக்கு அவள் காதில் விழ வேண்டாம். பெரம்பலூர் சுதர்சன் லீவு முடிந்து நாலாம் தேதி மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். உறையைப் பசை போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டிருப்பேன். கோடு விலகியிருந்தால் அவன் பிரித்துப் படித்திருக்கிறான் என்று அர்த்தம், உடனே எனக்குத் தெரியப்படுத்து.

விஷயம் நம்ம பிக்கப்பைப் பற்றியது. மார்கழி பிறந்த வாரம் வெங்காய மூட்டையோடு பெரம்பலூர் போகும்போது இறக்கத்தில் பிரேக் பெடல் அடிவரைக்கும் போய்விட்டதும், ரோட்டில் காயப்போட்டிருந்த மக்காச்சோளக் குவியலில் ஏற்றி நான் வண்டியை நிறுத்தியதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்ததும் உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஆவணியில் பிரேக் வேலை செய்தவன் உன்கூடப் படித்த கலைச்செல்வன். பெரியப்பா பெரியப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே டூப்ளிகேட் சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று டீக்கடையிலும் வெங்காய மண்டியிலும் சொன்னேன், உனக்கும் சொன்னேன், நீயும் அவனோடு பேச்சை விட்டாய். இப்போது அவன் பட்டறையில் பாதி வண்டி குறைந்துவிட்டதாம். ஆனால் ஆதாரம் இல்லாமல் ராசாங்கம் பேசுகிறார் என்று நாலு பேர் எனக்குப் பின்னால் பேசுவதும் காதுக்கு வந்தது. அதனால் ஆதாரத்தோடு பிடிப்பது என்று வண்டியை நம்ம வாசலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி நாலு சக்கரத்தையும் கழற்றிவிட்டேன். திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதாக முடிவு.

நான் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலை கேட்டில் முப்பது வருஷம் லாரி சோதித்தவன், என் கண்ணை ஏமாற்றுவது சுலபமில்லை. எண்பத்து நாலாம் வருஷத்து வண்டி, நாலு சக்கரமும் டிரம் பிரேக்தான், துருவில் இறுகிப்போன டிரம்மைத் தட்டித் தட்டிக் கழற்றவே ஒரு நாள் ஆனது. ஒவ்வொரு ஸ்பிரிங்கைக் கழற்றும் முன்னும் போனில் படம் எடுத்தேன். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எவர்சில்வர் தட்டில் சாமானைத் தனித்தனியாக வைத்திருக்கிறேன், சாப்பிடத் தட்டு இல்லை என்று அம்மா முணுமுணுக்கிறாள். ஒரு ஸ்பிரிங் தெறித்துப் போய்த் தொட்டித் தண்ணீரில் விழுந்தது, தொட்டியைக் காலி பண்ணித்தான் எடுத்தேன். பிரேக் ஷூவில் ஒட்டியிருக்கிற லைனிங் தேயாமல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷூவைத் தள்ளுகிற சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் அடைக்கிற ரப்பர் கப்புகள் எல்லாம் ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடக்கின்றன, விரலால் அமுக்கினால் பிய்கிறது. பெரம்பலூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற அமாவாசையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பிரேக்குக்குள்ள இன்ஜின் ஆயில் போயிருக்குங்க, அது பட்டாத்தான் ரப்பர் இப்பிடி ஊதும், ஊதிப் பிஞ்சா பெடல் நிக்காது என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது, மாட்டிக்கொண்டான் கலைச்செல்வன். புது கப்புகள் வாங்கினேன், அட்டைப்பெட்டியின் சீலை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். புது பிரேக் ஆயிலும் எடுத்துக்கச் சொன்னார், அது வியாபாரப் புத்தி, வீட்டில் முக்கால் டப்பா இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் உஷாராக இருந்ததால்தான் அம்மாவுக்கு மணிக்கட்டோடு போனது தெரியுமா. கலைச்செல்வன் பிரேக் ஆயிலைக் குறைத்து ஊற்றியிருப்பான் என்று சந்தேகப்பட்டுக் கார்த்திகை முழுக்க வாரா வாரம் மூடியைத் திறந்து பார்த்து, குறைந்ததை நானே கழுத்துவரைக்கும் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, இதைத்தான் போனில் சொல்ல முடியவில்லை. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கலைச்செல்வனின் அம்மா கலியம்மாள் வீட்டுக்குப் போகிறாள். கட்டுப் போட்ட கையோடு தூக்குவாளியில் எதையோ மூடி எடுத்துப் போகிறாள், திரும்பி வந்தால் வாய் திறப்பதில்லை. நான் வண்டியைத் திறந்த நாளிலிருந்து அவள் முகமும் சரியில்லை. அவர்கள் அழுது புலம்பி இவளை மடக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். உன்னிடம் அவனுக்காகப் பரிந்து பேசினால் காதில் வாங்காதே.

3.2.2025, திங்கட்கிழமை.

மேலே இருப்பது வியாழக்கிழமை எழுதியது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாமா என்று இரண்டு தடவை கையில் எடுத்தேன். கேட் நோட்டில் எழுதினதை அடிக்கவும் கூடாது கிழிக்கவும் கூடாது என்பது என் பழக்கம், அதனால் விட்டிருக்கிறேன், படித்துக்கொள்.

சனிக்கிழமை காலையில் எல்லாம் மாட்டி முடித்தேன். பிரேக் குழாயில் இருக்கிற காற்றை வெளியேற்ற ஒரு ஆள் போதாது, ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். கலைச்செல்வன் ஆட்கள் யாரையும் கூப்பிட மனசில்லை, அம்மாவைத்தான் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தேன். ஷெட்டிலிருந்து பிரேக் ஆயில் டப்பாவை எடுத்து மூடியைத் திறக்கும்போது, அந்த டப்பா வேணாங்க, அதத்தான போன தடவையும் ஊத்துனீங்க என்றாள். உனக்கு என்ன தெரியும் என்று சத்தம் போட்டேன். அவள் டப்பாவைக் கையால் காட்டினாள். டப்பா மேல் சந்தனப் பொட்டும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆயுத பூசைக்கு ஷெட்டைக் கழுவிச் சாமான்களைத் துடைத்து வரிசையாக வைத்தபோது மோட்டார் இன்ஜினுக்கு வாங்கிய ஆயில் டப்பா துருப்பிடித்து ஓட்டையாக இருந்தது. சாமி முன்னால் துருப்பிடித்ததை வைப்பதா என்று, அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த பிரேக் ஆயில் டப்பாவில் நான்தான் அந்த இன்ஜின் ஆயிலைக் கொட்டினேன், நான்தான் பொட்டும் வைத்தேன். பளபளவென்று ஒரே டப்பாவாகப் பார்க்க அழகாக இருந்தது. பிறகு சுத்தமாக மறந்துவிட்டேன். அப்படியும் மனசு ஒப்பவில்லை, ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டேன். பிரேக் ஆயில் என்றால் தண்ணீரோடு கலந்துவிடும். இது மேலே படலமாக மிதந்தது. கார்த்திகை முழுக்க வாரா வாரம் நான் ஊற்றியது அதைத்தான். அவன் குறைத்திருப்பான் என்று சந்தேகப்பட்டு ஊற்றி ஊற்றி அம்மா கையை நானே உடைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தபோதே, ஆயுத பூசைக்கு நான் ஆயிலைக் கொட்டினது ஞாபகம் வந்ததாம், அந்த வாரமே கலியம்மாள் வீட்டுக்குப் போய்க் கலைச்செல்வனிடம் சொல்லிவிட்டாள். அவனும் புரிந்துகொண்டிருக்கிறான். இத நான் சொன்னா தப்பிச்சுக்கச் சொல்றேன்னு பெரியப்பா நெனப்பாரு, அவரே ஒரு நாளைக்குத் தொறந்து பாப்பாரு, நீங்க சொல்லி வூட்டுல சண்ட வேணாம் பெரியம்மா என்றானாம். ஒன்றரை மாதம் நான் ஊரெல்லாம் அவன் பெயரைக் கெடுத்தபோது அவன் வாயில் இந்தப் பதில் இருந்திருக்கிறது. நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். சொன்னா என்னையும்தான சந்தேகப்படுவீங்க என்றாள். வெட்கமாக இருந்தது தம்பி, வண்டிக்கு அடியில் போய் வேலை செய்கிற மாதிரி கொஞ்ச நேரம் சும்மா படுத்திருந்தேன்.

அமாவாசையிடம் போய்ப் புது பிரேக் ஆயில் வாங்கினேன். நேற்று அம்மா அமுக்க நான் திறக்க, நாலு சக்கரத்திலும் காற்றெடுத்து முடித்தோம். இன்று காலையில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, அன்று இருந்த ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்த்து, நான் செய்த தப்பைச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். மண்டியில் நாளைக்குச் சொல்ல வேண்டும். அங்கிருந்து நேராகக் கலைச்செல்வன் பட்டறைக்குப் போனேன். மன்னிச்சுக்கப்பா என்றேன், இருக்கட்டும் பெரியப்பா என்றான். வண்டியை ஓட்டிப் பிரேக்கைப் பார் என்று சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், ஆனால் வண்டியில் ஏறவில்லை. பானெட்டைத் திறந்து உள்ளே இருக்கிற பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடியைக் கழற்றி, விரலை விட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தான், மோந்து பார்த்தான், அதன் பிறகுதான் ஏறி உட்கார்ந்தான். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் செய்தது நியாயம்.

நீ இதைப் படித்ததும் முதலில் அவனுக்குப் போன் பண்ணு, என் பேச்சைக் கேட்டுத்தான் நீ அவனை விட்டாய், அந்தப் பாவம் உன் மேல் இருக்க வேண்டாம். சளிக்கு மிளகு போட்டுப் பால் குடி, நான் நம்பிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு, தொழிலும் உடம்பும் நல்லபடியாக இருந்து நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள், இந்தக் கடிதத்தை அவளுக்கு முழுசாகப் படித்துக் காட்டிவிட்டேன். சுதர்சன் வீட்டுப் பக்கம் வேலை இருக்கிறது என்றான் கலைச்செல்வன், அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. அவன் படித்தாலும் சரி, சுதர்சன் படித்தாலும் சரி. குறுக்குக் கையெழுத்தைத் தேடாதே, இங்கே மட்டும்தான் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ராசாங்கம்.