பொறுமைக்கு ஒரு வெந்நீர்க் குடுவை

என் அக்கா பெற்ற அருமை மருமகள் யூன்ஷியாவுக்கு,

நம்மூர் ஆஸ்பத்திரியின் வாசலையும் அதற்கு உட்பட்ட அண்டசராசரத்தையும் காத்தருளும் காவலாளி தெங் மாமா எழுதுவது. நான் நலம். சாங்ஷாவில் நீயும் நலமாயிருப்பாய். இனி நான் சொல்லப்போவது எவரும் நம்பாத கதை என்று, என் சீருடையில் மிச்சமிருக்கும் ஒரே பித்தளைப் பொத்தான் மேல் ஆணையாக உறுதி கூறுகிறேன்.

நர்ஸ் படிப்பு முடிந்ததும் இங்கே அவசரப் பிரிவில் சேரச் சொல்லி உன் அம்மா உயிரை எடுக்கிறாள் என்று எழுதியிருந்தாய். "வாசல்லயே உன் மாமன் நிக்கிறான், உனக்கென்னடி பயம்?" என்கிறாளாம். என்னைக் கேட்டுவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாய். கேள்.

எங்கள் ஆயுதசாலை ஒரு கண்ணாடி அலமாரி. கேடயம், தலைக்கவசம், வெறி பிடித்தவனைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும் நீண்ட கவட்டைக் கம்பு, எல்லாம் உண்டு. ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாளில் நான் துடைக்கிற துடைப்பில், அவர்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். சாவி இயக்குநர் யுவேயின் இடுப்பில். "கீறல் விழுந்தா ஆய்வுல மானம் போயிடும்யா தெங்" என்பார்.

நிலாத் திருவிழா மத்தியானம். இயக்குநர் விருந்துக்குப் போயிருந்தார். பம்பளிமாஸ் நறுக்கி விரலை வெட்டிக்கொண்ட ஒருவன் வந்தான். வயிறு நிறையச் சோளச் சாராயம். அவன் மூச்சுப் பட்டு வாசலில் இருந்த உலோகச் சோதனைக் கருவி போதையேறி மூன்று நாள் தள்ளாடியது. டாக்டரோ உள்ளே ஒரு கிழவரின் நின்றுபோன நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார்.

உன் பள்ளியில் உனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தாளே ச்சியூ சூ, அந்த நர்ஸ்தான் அவனை மறித்தாள். "அண்ணே, கொஞ்சம் உக்காருங்க, உள்ள ஒருத்தர் உயிருக்குப் போராடுறாரு" என்றாள். "அப்ப என் விரல் மட்டும் என்ன கோழிக்காலாடி?" என்று அவன் கத்தியதில் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வாத்துகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. சொட்டு மருந்து தொங்கும் இரும்புக் கம்பத்தைக் கையில் எடுத்தான்.

சாவி கேட்டு இயக்குநருக்குப் போன் போட்டேன். கிண்ணங்கள் மோதும் சத்தத்துக்கு நடுவே, "தொட்டுடாதய்யா! நாம தொட்டா வீடியோ எடுத்துப் போட்டுடுவானுங்க. பேசியே சமாளி" என்றார். பேசினேன். வாசலில் இருக்கும் கல்சிங்கங்கள் கண்ணீர் விட்டன. கம்பம்தான் கேட்கவில்லை. அப்புறம் பாய்ந்தேன், மருமகளே! கூரையைத் தொட்டுத் திரும்பினேன், மேகம் ஒன்று என் தொப்பியில் ஒட்டிக்கொண்டது. கம்பம் எனக்கு முன்னால் சூவின் காதோரம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரி மன்னிப்புக் கேட்டது. யாரிடம் என்கிறாய்? காக்க வைத்ததற்காக அந்த விரல்காரனிடம்! ஆப்பிள் கூடையைச் சுமந்து போனவன் நான். "இவ்வளவுதானா?" என்றான் அவன். வழியில் பாதியைத் தின்றிருந்தேன், அதில் மட்டும் எனக்குத் திருப்தி.

சூவுக்கும் குறையில்லை. அடி வாங்கியும் திருப்பி அடிக்காத ஊழியருக்கென்று எங்களிடம் ஒரு விருது உண்டு. மார்பில் பரங்கிக்காய் அளவு சிவப்புத் துணிப்பூ, கையில் வெந்நீர்க் குடுவை. அவளுக்கு இடப்பக்கம் நின்று, பொறுமையைப் பற்றி இயக்குநர் பேசிய பேச்சில் இரண்டு பருவம் மாறின. முடிவில் மூன்று முறை அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். அவள் திரும்பவில்லை, முன்னால் பார்த்துச் சிரித்தபடியே நின்றாள். "எவ்வளவு அடக்கம் பாருங்க!" என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

அம்மாவிடம் இங்கே சேருவதற்கான பரீட்சையில் தவறிவிட்டதாகச் சொல்லிவிடு. உண்மை தெரிந்தால் அக்கா என்னைத்தான் திட்டுவாள், திட்டட்டும். அங்கேயே ஏதாவது பல் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொள். அந்தக் குடுவையை உன் கையில் பார்க்க எனக்குத் தெம்பில்லை, கண்ணு.

உன் இரண்டு காதுகளிலும் நல்ல சேதியே விழட்டும்.

இப்படிக்கு,
தெங் மாமா.

பின்குறிப்பு: வாத்து, மேகம், கல்சிங்கம் எல்லாம் என் சரக்கு. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். சூவிடம் பேச வேண்டுமென்றால், இப்போதெல்லாம் நான் சுற்றிப் போய் அவளுடைய வலப்பக்கம் நின்றுகொள்கிறேன்.